சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டேன் சார்

பேப்பரை மடிச்சு வைக்க வேணாம் சார், நீங்க பாட்டுக்குத் திருத்துங்க. நான் ஒடுங்கி உக்காந்துக்கறேன். உடம்புதான் இப்படி அகலமா இருக்கே தவிர ஆளு சாது. சத்தமாக்கூடப் பேச வராது எனக்கு. சிவப்பு மையும் இங்கிலீஷ் எழுத்துமா தெரிஞ்சுச்சு, அதான் முன்னாடி சீட்டு காலியா இருந்தும் இங்க வந்து உக்காந்தேன். காலேஜ் வாத்தியாருங்களா? ஒரத்தநாட்டுல இறங்கணுமா? அப்ப நேரம் இருக்கு. நான் தஞ்சாவூர் வரைக்கும் போறேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். ‘யூ கெட் த பிக்சர்’னு சொன்னா என்ன அர்த்தம்?

புரிஞ்சுதா. ஆமா சார், அது எனக்கும் தெரியும். ப்ளஸ் டூ வரைக்கும் போனவன்தான் நான். நான் கேக்கறது அந்த அர்த்தம் இல்ல. ஒரு பெரிய மனுசன், நம்ம சோத்துக்கு வழி பண்ற மனுசன், நம்மளக் கூப்பிட்டு நாலு வார்த்தை பொதுவாப் பேசிட்டு, கடைசில நம்ம மூஞ்சியைப் பாத்து ‘யூ கெட் த பிக்சர்?’னு கேட்டா, அது உத்தரவா இல்லையா? அதுதான் சார் கேள்வி. எனக்கு இது இன்னிக்கு, இந்த பஸ்ஸு தஞ்சாவூர் போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சாகணும். அங்க ஆஸ்பத்திரியில தேசிங்குன்னு ஒருத்தன் காலை நீட்டிப் படுத்திருக்கான். அவன் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கான். பதில் சொல்லத்தான் போயிட்டிருக்கேன்.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். அவசரப்பட்டா உங்களுக்கு விளங்காது.

என் பேரு நீலமேகம். நெடுவயல் செம்பருந்து கபடிக் குழு, கேள்விப்பட்டிருப்பீங்க. பட்டுக்கோட்டைப் பக்கம் எந்த ஊர் திருவிழா போஸ்டர்லயும் எங்க பேரு இருக்கும். நான் ரைட் கார்னர். உங்களுக்குக் கபடி தெரியுமோ தெரியாதோ, எதிராளி பாடி வர்றப்ப வலது மூலையில குனிஞ்சு நிக்கிறவன்தான் ரைட் கார்னர். அவன் காலை நீட்டுவான், நான் கணுக்காலைப் பிடிக்கணும். என் வேலை அவ்வளவுதான். இந்த விரலைப் பாருங்க, இது மூணு தடவை ஒடஞ்சு அதுவா கூடினது. இந்தக் காது ஆலங்குடியில ஒருத்தன் முட்டியில கிழிஞ்சது. தையல் போட்டுக்கிட்டு அன்னிக்கே மறுபடி எறங்கினேன். பிடிச்சா விடமாட்டான்னு எனக்கு ஒரு பேரு. அந்தப் பேரை வச்சுத்தான் சோறு.

எங்க குழுவை நடத்தறவரு அம்பலவாணன் சார். சிங்கப்பூர்ல கட்டட வேலைக்குப் போயி, சூப்பர்வைசரா உசந்து, திரும்பி வந்து ரெண்டு போர்வெல் வண்டியும் ஒரு ஜேசிபியும் போட்டவரு. நான் அவர் போர் வண்டியிலதான் வேலை. குழுவுல பாதிப் பேரு அப்படித்தான். தங்கமான மனுசன் சார். கெட்ட வார்த்தை பேசமாட்டாரு. கை நீட்ட மாட்டாரு. ‘இதைச் செய்’னு ஒருத்தரையும் ஒரு நாளும் ஏவினதில்ல. பக்கத்துல உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, இருக்கற நிலவரத்தைச் சொல்வாரு. சொல்லிட்டு, ‘யூ கெட் த பிக்சர்?’ அவ்வளவுதான்.

உதாரணத்துக்குச் சொல்றேன். சமையக்காரரு தங்கப்பழத்தைக் கூப்பிட்டு, ‘நாளைக்கு ஆபீசருங்க சாப்பிட வர்றாங்க, யூ கெட் த பிக்சர்?’ம்பாரு. மறுநாள் கெடா விழுந்திருக்கும். அது சின்ன விசயம். ஒரு நாள் ஜேசிபி டிரைவர்கிட்ட, ‘அந்த எதிர்வீட்டு வேப்பமரம் இருக்கே, வண்டி திரும்ப எவ்வளவு சிரமம் பாரு, யூ கெட் த பிக்சர்?’னாரு. விடிஞ்சா மரம் வேரோட சாஞ்சு கெடக்கு. அந்த வீட்டுக் கெழவனார் தெருவுல நின்னு கத்துறாரு. அம்பலவாணன் சார் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, ‘யாரு செஞ்ச வேலை இது, பாவம் நிழலா இருந்துச்சே’ன்னு வருத்தப்பட்டாரு. நெசமாவே வருத்தப்பட்டாரு சார். நான் முகத்தைப் பாத்தேன். மறுவாரம் அவரே ஒரு கன்னு வாங்கி வந்து நட்டாரு.

அதுல ஒரு பழக்கம் ஆகிப்போச்சு எங்களுக்கு. அவரு சொல்லாததுதான் வேலை. சொல்றது சும்மா.

அப்பறம் அந்த அம்பயர் விசயம். பேரு வேணாம். ஒரு செமி ஃபைனல்ல எங்க ஆளு கோட்டை மிதிச்சான்னு விசில் ஊதிட்டாரு. மிதிச்சான்தான், அது வேற. ஆனா அந்த ஒரு பாயிண்ட்ல தோத்தோம். பந்தல் ஓரமா எங்களை உக்கார வச்சு, அம்பலவாணன் சார் சோடா குடிச்சுக்கிட்டே சொன்னாரு. ‘அவரும் பாவம், டூ வீலர்ல தனியாத்தான் போவாரு. வாய்க்கால் பாலத்துக்கிட்ட ரோடு மோசம்னு கேள்வி. யூ கெட் த பிக்சர்?’

நானும் லெஃப்ட் கார்னர் சிவக்கொழுந்தும் போனோம். பாலத்துக்கு இந்தாண்ட வண்டியை நிப்பாட்டினாரு மனுசன், எங்களைத் தெரிஞ்சுக்கிட்டு, ‘என்னப்பா, நல்லா ஆடினீங்க, விடு, அடுத்த தடவை’ன்னு சிரிச்சாரு. சிரிக்கிறப்பவே சிவக்கொழுந்து மூஞ்சியில குத்திட்டான். முன்பல்லு ரெண்டும் அந்தக் குத்துலயே போச்சு. கீழ விழுந்தவரு கையை மூஞ்சிக்குக் குறுக்க வச்சாரு. நான் கையை எடுத்து விட்டேன். நான் அதிகமா அடிக்கல சார், பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். சிவக்கொழுந்துதான் விலாவுல உதைச்சுக்கிட்டே இருந்தான். அந்தாளு கடைசி வரைக்கும், ‘தம்பி, தம்பி’ன்னே கூப்பிட்டாரு. எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அம்பலவாணன் சார் எங்க ரெண்டு பேரையும் கார்ல ஏத்திக்கிட்டு அவரைப் பாக்கப் போனாரு. ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். அந்தாளு எங்களை மாறி மாறிப் பாத்தாரு. ஆர்லிக்ஸை வாங்கிக்கிட்டாரு.

இதுலதான் தேசிங்கு வர்றான்.

தேசிங்கும் நானும் ஒரே தெரு. எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவன் வீடு. அப்ப அவனும் எங்க குழுவுலதான் இருந்தான், பாடிப் போறதுல அவனை அடிச்சுக்க இந்தப் பக்கம் ஆளு இல்ல. ஒல்லிக் குச்சி. நின்ன எடத்துலேருந்து தாவுனான்னா ரெண்டு பேரு தலைக்கு மேல போயி நடுக்கோட்டுல எறங்குவான். அவன் அதை என்மேலதான் பழகினான், சின்ன வயசுல. நான் குனிஞ்சு நிப்பேன், அவன் தாண்டுவான். பல நாள் என் முதுகுல மிதிச்சிருக்கான். நான் ஒண்ணும் சொன்னதில்ல.

அம்பயரை அடிச்ச மறுநாள் என்னைக் கம்மாக்கரைக்கு இழுத்துட்டுப் போனான்.

‘அம்பலவாணன் என்ன சொன்னாருடா?’

‘ஒண்ணும் சொல்லல.’

‘பின்ன ஏன்டா அடிச்சீங்க?’

‘எங்களுக்குப் புரிஞ்சுச்சு.’

‘நானும்தான் உங்கூட உக்காந்திருந்தேன். அதே வார்த்தைதான் என் காதுலயும் விழுந்துச்சு. எனக்கு ஏன்டா புரியல?’

நான் சிரிச்சேன் சார். ‘நீ ஏழாங்கிளாஸோட நின்னவன், உனக்கு இங்கிலீஷ் தெரியாது’ன்னேன். அவன் சிரிக்கல. அடுத்த வாரம் குழுவை விட்டுப் போயிட்டான். கரம்பவயல் அவன் பொண்டாட்டி ஊரு, அந்த டீமுக்கு ஆட ஆரம்பிச்சான்.

அதுக்காக அவன்மேல எனக்குக் கோவம்னு நினைக்காதீங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ரயில்வேயில விளையாட்டுக் கோட்டாவுல ஆள் எடுக்கறாங்கன்னு மெட்ராசுக்குப் போனப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனோம். ஒரே பொட்டலத்துல புளிச்சோறு சாப்பிட்டோம். எனக்கு மொத நாளே, ‘நீ போலாம்பா’ன்னுட்டாங்க. கை மட்டும் இருந்தாப் போதாதாம், காலும் ஓடணுமாம். அவனைக் கடைசி கேம்ப்புக்கு வரச் சொல்லிட்டாங்க. அதுல நின்னுட்டான்னா வேலை. பென்சன், குவார்ட்டர்ஸ் எல்லாம். அந்தச் சேதி வந்தப்ப அவன் லட்டு வாங்கிட்டு மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தான். எங்கம்மா ஒரு லட்டைப் பிட்டு வாயில போட்டுக்கிட்டு, ‘கூடவே ஆடினவன் போயிட்டான், நீ குழாய் எறக்கிக்கிட்டே கெட’ன்னுச்சு. அன்னிக்கு எங்க வீட்டுக் குடம் ஒண்ணு ஒடஞ்சுச்சு. கை தவறிடுச்சு. எவர்சில்வர் குடம் எப்படி ஒடையும்னு கேட்டீங்கன்னா, சரி, நசுங்குச்சு.

பொறாமையெல்லாம் இல்ல சார். அவன் நல்லா இருக்கணும்னுதான் நான் நினைச்சேன்.

போன மாசம் எங்க ஊர்ல பெரிய போட்டி. ஃபைனலுக்கு நாங்களும் கரம்பவயலும் வந்துட்டோம். அவனுக்கு அடுத்த வாரம் ரயில்வே கேம்ப்பு. பொண்டாட்டி ஆட வேணாம்னு அழுதிருக்கா. ‘எங்க ஊர்ல, எங்க மண்ணுல நடக்குது, ஆடாம இருந்தா மரியாதை இல்ல’ன்னு வந்திருக்கான். வந்திருக்கக் கூடாது சார் அவன். அதை யாரும் பேசறதில்ல.

முந்தின நாள் சாயங்காலம் அம்பலவாணன் சார் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டாரு. தனியா. நாற்காலியில உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கும் ஒரு கை அள்ளிக் குடுத்தாரு. குடுத்துட்டு, ‘நீலமேகம், தேசிங்கு காலு இருக்கே, அந்தக் காலு இருக்கற வரைக்கும் கோப்பை நம்மளது இல்ல. யூ கெட் த பிக்சர்?’னாரு.

இப்ப சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன புரிஞ்சுக்குவீங்க?

பொறுங்க, அப்பறம் சொல்லுங்க. ஆட்டத்தைச் சொல்லிடறேன்.

நாலு மணி வெயில்ல ஆட்டம். ஊரே கூடி நிக்குது. தேசிங்கு மொத ரைடு வர்றப்ப என்னைப் பாத்துக் கண்ணடிச்சான். சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான் அடிப்பான். பாடிக்கிட்டே வந்து சிவக்கொழுந்து நெத்தியில தட்டிட்டுப் போயிட்டான். அடுத்த தடவை ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் தாண்டினான். சனம் கத்துது. எங்க ஊர்ச் சனமே அவனுக்குக் கத்துது. எங்கம்மாவும் கத்துச்சு, நான் பாத்தேன்.

ரெண்டாவது பாதியில அவங்க ஆளுங்க தளந்துட்டாங்க. தேசிங்கு ஒருத்தனா எவ்வளவு இழுப்பான்? நாங்க பத்து பாயிண்டுக்கு மேல முன்னாடி போயிட்டோம். ஆட்டம் முடியப் போகுது. கடைசியா ஒரு ரைடு வந்தான். பெரிய ஆசை ஒண்ணுமில்ல, போனஸ் கோட்டைத் தொட்டு ஒரு பாயிண்ட் எடுத்துட்டுப் போலாம்னு இடது காலை நீட்டினான். என் பக்கம்.

பிடிச்சேன்.

அது எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல முடியாது சார். ஆத்து மீனு கைக்குள்ள துடிக்கற மாதிரி துடிக்கும் கணுக்காலு. வேர்வை, மண்ணு, வழுக்கும். ரெண்டு கையாலயும் பூட்டி நெஞ்சோட அணைச்சுக்கணும். அணைச்சுக்கிட்டேன். அவன் குப்புற விழுந்தான். முழங்காலு தரையில ஊனியிருக்கு, பாதம் என் நெஞ்சுல இருக்கு. நடுக்கோட்டுக்குக் கையை நீட்டி ரெண்டு தடவை உந்திப் பாத்தான். முடியல. பாட்டை நிறுத்திட்டான். உள்ளங்கையால தரையைத் தட்டி, ‘போதும்டா மேகு, விடு’ன்னான். என்னை மேகுன்னு கூப்பிடறது அவன் ஒருத்தன்தான்.

நான் அப்படியே உருண்டேன்.

பச்சை மூங்கிலை முழங்கால்ல வச்சு ஒடிப்போமே, படக்குன்னு ஒடியாம, நாரு நாராக் கிழிஞ்சு ஒடியும். அந்தச் சத்தம். என் நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு, காதுல இல்ல. அவன் கத்தல. மூச்சை உள்ள இழுத்தான், அது வெளிய வரவே இல்ல. பாதம் எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சு. எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்து வெள்ளையாத் தெரிஞ்சுது, அப்பறம் ரத்தம் வந்து மூடிடுச்சு. நான் அப்பவும் பிடியை விடல. சிவக்கொழுந்து வந்து என் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சான்.

விசிலுக்கு அப்பறம் எதுக்குடா உருண்டேன்னு எல்லாரும் கேக்கறாங்க. விசில் எனக்குக் கேக்கல சார். சத்தியமாக் கேக்கல. அன்னிக்கு அம்பயர் அதே ஆளுதான், பல்லு போனவரு. பல்லு இல்லாததால அவர் ஊதினா காத்து கசிஞ்சு பிசிறு பிசிறா வரும், கோழிக்குஞ்சு கத்தற மாதிரி. அன்னிக்கும் அப்படித்தான் ரெண்டு தடவை வந்துச்சு. சனக் கூச்சல்ல யாருக்குக் கேக்கும் சொல்லுங்க.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

சரி. அப்பறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கல. அம்பலவாணன் சார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. நேரா என்கிட்ட. ‘சார், முடிச்சிட்டேன்’னு நான் எந்திரிச்சேன். அத்தனை சனத்துக்கு முன்னாடி பளார்னு அறைஞ்சாரு. கை நீட்டாத மனுசன். ‘மிருகமே, என்னடா செஞ்சே’ன்னாரு. அவர் கண்ணுல தண்ணி. தேசிங்கைத் தன் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு அவரே ஓட்டிக்கிட்டுப் போனாரு. ஆஸ்பத்திரிச் செலவு பூரா அவர்தான். வேப்பமரத்துக்கும் அதே மூஞ்சிதான் சார், அம்பயருக்கும் அதே மூஞ்சிதான். ஆனா அப்பெல்லாம் என்னை அடிக்கல.

தேசிங்கோட மச்சினனுங்க மூணு பேரு அன்னிக்கே வந்தாங்க. பந்தல் கழியால அடிச்சாங்க. முதுகு, கை, பின்மண்டை. நான் திருப்பி அடிக்கல. அடிச்சிருந்தா மூணு பேரையும் முடிச்சிருப்பேன். உக்காந்து வாங்கிக்கிட்டேன். கடைசில ஒருத்தன் கழியைப் போட்டுட்டு அழுதான். இந்தத் தையல் அதுதான், முடியை ஒதுக்கிப் பாருங்க. வேணாமா, சரி. அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. எனக்கு வருத்தமெல்லாம் அந்த ஒரு அறை மேலதான்.

கபடிச் சங்கத்துல என்னை ஆடக் கூடாதுன்னுட்டாங்க. போர் வண்டிப் பக்கம் வர வேணாம்னு அம்பலவாணன் சார் சொல்லி அனுப்பிட்டாரு. ஊர்ல கேட்டவங்ககிட்டயெல்லாம், ‘நான் ஒண்ணுமே சொல்லலையே, நல்லா ஆடுடான்னுதானே சொன்னேன்’னு சொல்லிட்டுத் திரியறாரு. போலீஸ் வந்து கேட்டப்ப தேசிங்கு, ‘விளையாட்டுல நடந்தது சார், கேசு வேணாம்’னுட்டான். ரயில்வே போச்சு. மறுபடி அறுத்து வேற பிளேட்டு வைக்கணும்னு இப்பத் திரும்பச் சேத்திருக்காங்க. நடக்கலாமாம். ஆட முடியாதாம்.

முந்தா நாள் அவன் பொண்டாட்டி செவ்வந்தி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. உள்ள வரல. எங்கம்மா தண்ணி குடுத்துச்சு, வாங்கல. என் மூஞ்சியைப் பாக்காம வாசப்படியைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு:

‘அவங்க தூங்கறதில்ல. விடிய விடிய மேல பாத்துக்கிட்டே கெடக்குறாங்க. காலு வலியான்னு கேட்டா, இல்லங்குறாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். அம்பலவாணன் சொல்லிச் செஞ்சீங்களா, நீங்களாச் செஞ்சீங்களா. அவரு சொல்லித்தான்னா, உங்கமேல வருத்தம் இல்லையாம், முதலாளி சொன்னா என்ன செய்வான்னு விட்டுருவாங்களாம். மறுபடி வீட்டுக்கு வரப் போக இருக்கலாமாம். நீங்களான்னா அதையும் சொல்லிடச் சொன்னாங்க. ஏதோ ஒண்ணு தெரிஞ்சா தூங்கிடுவேங்குறாங்க.’

சொல்லிட்டு நின்னுச்சு. அப்பறம் அதுவா, ‘எனக்கு நீங்க என்ன சொன்னாலும் ஒண்ணுதான்’னுட்டுப் போயிடுச்சு.

அதான் சார். அதான் உங்களைக் கேக்கறேன். சொன்னாருன்னு நான் போய்ச் சொல்லலாமா இல்லையா? இங்கிலீஷ் படிச்ச நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தெம்பா இருக்கும்.

என்ன? அவர் சரியா என்ன வார்த்தை சொன்னாரா? அதான் சொன்னேனே. தேசிங்கு காலு இருக்கற வரைக்கும் கோப்பை நம்மளது இல்லன்னாரு.

இருக்கற வரைக்கும்னா, அதே வார்த்தைதானான்னு கேட்டா, அப்படியே எப்படி சார் ஞாபகம் இருக்கும்? அவன் காலு நல்லா பேசுதுன்னாரு. அவன் ஆடற வரைக்கும் நமக்குக் கஷ்டம்னாரு. காலுன்னு சொன்னாரு. சொல்லியிருப்பாரு. காலைப் பத்தித்தானே பேசணும், கபடியில வேற எதைப் பத்திப் பேசுவாங்க.

நீங்க போலீஸ்காரரு மாதிரி கேக்கறீங்க சார்.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்றேன். வேர்க்கடலை குடுத்தாரு. ‘நாளைக்கு தேசிங்கு ஆடறானாமே’ன்னாரு. நான், ‘ஆமா சார்’னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கடலை தின்னோம். ‘அவனுக்கு ரயில்வே கெடச்சிடும்ங்கறாங்களே’ன்னாரு. நான் இன்னொரு கடலையை உரிச்சேன். ‘நீயும்தானே போனே’ன்னாரு. அப்பறம் தொலியை ஊதிவிட்டுட்டு, ‘யூ கெட் த பிக்சர்?’னாரு. நான், ‘நான் பாத்துக்கறேன் சார்’னேன். அவர் என்னை ஒரு நிமிசம் பாத்தாரு. அப்பறம், ‘சரி, போயித் தூங்கு’ன்னாரு. அவ்வளவுதான்.

காலுங்கற வார்த்தை வரல. சரி, வரல. ஆனா அது இருந்துச்சு சார் அந்த ஷெட்டுக்குள்ள. எனக்குத் தெரிஞ்சுச்சு. இத்தனை வருசம் அவருக்கிட்ட இருக்கேன், எனக்குத் தெரியாதா? எது சொல்லணுமோ அதைச் சொல்லாம விடறதுதானே அவர் வழக்கம்.

நீங்க சொல்றது விளங்குது. கேள்வி கேட்டவரு ஒண்ணும் குடுக்கல, காதுல வாங்கினவன் மனசுல என்ன இருந்துச்சோ அதைத்தான் அவன் எடுத்துக்கிட்டான், அப்படித்தானே சொல்ல வர்றீங்க? உங்க இங்கிலீஷ்ல அது வெறும் கேள்வி, உத்தரவு இல்ல. ‘ஆமா’ன்னு சொன்னவன்தான் பொறுப்பு. ரொம்ப நல்லா இருக்கு சார். பிள்ளைங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுக்கறீங்களா?

நான் கோவப்படல. நான் கோவப்படற ஆளு இல்ல. உங்க பேப்பரு கீழ விழுது, இந்தாங்க.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அப்படியே நான் போயி, ‘அவர் சொல்லலடா, நானாத்தான் செஞ்சேன்’னு சொன்னா, அவன் என்ன ஆவான்? கால் போனதைத் தாங்கிட்டான். வேலை போனதைத் தாங்கிட்டான். மேகு தானா ஒடிச்சான்ங்கறதைத் தாங்குவானா? அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அவன் தூங்கணும். நான் அவன் வீட்டுக்குப் போகணும், வரணும். சின்ன வயசுலேருந்து பழக்கம், ஒரு வார்த்தையில அறுத்துப் போட்டுட முடியுமா? அம்பலவாணன் சாருக்கு இதனால என்ன நட்டம்? அவரை யாரு என்ன கேக்கப் போறா?

நான் சொன்னா நம்பமாட்டான். அதுதான் சிக்கல். கம்மாக்கரையில ஒரு தடவை கேட்டான் பாருங்க, எனக்கு ஏன்டா புரியலன்னு, அதே மாதிரி மறுபடி கேப்பான். ஆனா படிச்சவங்க சொன்னா கேட்டுக்குவான். டாக்டர் சொன்னா கேக்கறான், நர்சம்மா சொன்னா கேக்கறான். காலேஜ் வாத்தியாரு, அதுவும் இங்கிலீஷ் வாத்தியாரு சொன்னா எதிர்க் கேள்வி கேக்கமாட்டான். அவன் ஏழாங்கிளாஸ்தான் சார்.

இருங்க, எந்திரிக்காதீங்க. இப்பத்தான் கண்ணந்தங்குடி தாண்டுது. ஒரத்தநாடு வரட்டும், நானே வழி விடறேன். ஃபோன்தான் போடறேன்.

ரிங் போகுது.

ஆங், தேசிங்கு. மேகுடா. ஏறிட்டேன், வந்துட்டிருக்கேன். சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? கஞ்சியா, சரி. இல்லடா, நீ செவ்வந்திகிட்டச் சொல்லி விட்டல்ல, அதுக்குத்தான். நேர்ல வந்து சொல்றேன், அதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு சார் இருக்காரு. இங்கிலீஷ் வாத்தியாரு. அம்பலவாணன் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அவரே உனக்குச் சொல்றேன்னாரு. இரு, குடுக்கறேன்.

பேசுங்க சார். உத்தரவுதான்னு சொல்லிடுங்க, போதும். லைன்ல இருக்கான், மூச்சு விடறது கேக்குது பாருங்க. ஸ்டாப்பிங் வந்தா வரட்டும், அடுத்ததுல இறங்கிக்கலாம், இந்தப் பஸ்ஸு இல்லாட்டி வேற பஸ்ஸு. கையை இழுக்காதீங்க சார். நான் சும்மாதான் பிடிச்சிருக்கேன், நீங்க இழுக்கறதாலதான் வலிக்குது.